போன்ல 141, ஈபி மீட்டர்ல 168: நடுவுல 27 யூனிட் எங்க போகுது?

சத்துவாச்சாரி தையல்:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில சொந்த வீடு. கீழ நாங்க, மாடியில வாடகைக்கு ஒரு குடும்பம். அவங்களுக்குத் தனி சர்வீஸ், தனி மீட்டர். நான் வீட்லயே பிளவுஸ் தைக்கிறேன், அவர் ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குப் போய் வர்றார். எங்க வீட்டுல ஏசி கிடையாது. வேலூர் வெயிலுக்கு ஏசி இல்லாம எப்படின்னு கேக்காதீங்க, பழகிடுச்சு.

போன பில்லுக்கு முந்தினது 486 யூனிட், 1717 ரூபாய். சித்திரை, வைகாசி சேர்ந்த போன பில் 562 யூனிட், 2561 ரூபாய். 76 யூனிட் கூடினதுக்கு 844 ரூபாயா? அட்டையை ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பாத்தேன்.

பெங்களூர்ல இருக்குற பையன்கிட்டப் புலம்பினேன். அவன் லீவுல வந்தப்போ, தெரிஞ்ச எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வந்து, மெயின் சுவிட்சுக்கு அப்புறம், வீட்டுக்குள்ள கரண்ட் வர்ற ஃபேஸ் ஒயரைச் சுத்தி ஒரு வளையம் மாட்டி, வைஃபை மீட்டர்னு ஒண்ணு வச்சுட்டுப் போயிட்டான். "ஸ்மார்ட் மீட்டர் நம்ம ஊருக்கு எப்ப வரும்னு தெரியாதும்மா, அதுவரைக்கும் இதைப் பாரு"ன்னான். போனைத் திறந்தா மலை மாதிரி கோடு ஏறி இறங்குது. காலையில ஒரு கோபுரம் (மோட்டார்), பத்து மணிக்கு ஒரு கோபுரம் (அயர்ன் பாக்ஸ்), ராத்திரி பூரா ஒரே தரை.

என் கேள்வி ரெண்டு.

ஒண்ணு, இந்தக் கோட்டை வச்சு பில்லை எப்படிக் குறைக்கிறது? பாக்க அழகா இருக்கு, அவ்வளவுதான்.

ரெண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்குது. ஈபி ரீடிங் எடுத்த மறுநாள் மாட்டினது. இன்னையோட 19 நாள். போன் 141 யூனிட்னு சொல்லுது. ஈபி மீட்டர் 168 ஓடியிருக்கு. பையன்கிட்ட கேட்டா அவன் வளையம் சரியாத்தான் இருக்குங்கிறான். மாடியில கைக்குழந்தை இருக்கு, ராத்திரி பூரா ஏசி. சொல்லவே சங்கடமா இருக்கு, ஆனா எனக்கு ஒரு சந்தேகம் வந்துடுச்சு.

பாலாற்று மணல்:

அம்மா, சந்தேகமே வேணாம், மீட்டர் வேகமா ஓடுது. நான் வாஷிங் மெஷினை ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் போடுறேன், அப்ப கரண்ட் விலை கம்மி. நீங்களும் அயர்னை ராத்திரிக்கு மாத்துங்க.

காட்பாடி கணக்கு:

மணல் அண்ணே, உங்க வீட்டுல யாரும் தூங்குறதில்லையா? நம்ம வீட்டுக் கனெக்‌ஷனுக்கு நேரத்துக்கு ஒரு விலை கிடையாது. ராத்திரி போட்டாலும் உச்சி வெயில்ல போட்டாலும் யூனிட் யூனிட்தான். வெளிநாட்டுல அரை மணிக்கு ஒரு விலை இருக்குற இடங்கள்ல ஸ்மார்ட் மீட்டரைப் பாத்து வேலையை நகர்த்துவாங்க. இங்கயும் 2023-ல மத்திய அரசு விதியில அதைச் சேர்த்தாங்க, ஆனா நம்ம வீட்டு பில்லுல அது இல்லை. மெஷினைச் சாயங்காலமே போட்டுட்டுப் படுங்க.

தையல் அக்கா, உங்க முதல் கேள்விக்கு என்கிட்ட பதில் இருக்கு. நமக்கு முக்கியம் எந்த மணி நேரம்னு இல்ல, ரெண்டு மாசத்துல மொத்தம் எத்தனைங்கிறதுதான். அதுலயும் 500-ங்கிற ஒரு கோடு. உங்க பில்லுல இருக்குற ரேட்டையே (2024 ஜூலையில மாத்தினது) வச்சுப் போட்டுப் பாக்கலாம்.

500 யூனிட்டுக்குள்ள இருந்தா முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35, அடுத்த 200-க்கு 4.70, கடைசி 100-க்கு 6.30. மொத்தம் 1805 ரூபாய்.

501 ஆனா கதையே வேற. அந்த 2.35 காணாமப் போயிடும். 101-லேர்ந்து 400 வரைக்கும் எல்லாம் 4.70. மேல இருக்குற ஒரு யூனிட்டுக்கு 8.40. மொத்தம் 2048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டோட விலை 243 ரூபாய் 40 காசு! கிலோ மட்டன் எவ்வளவுன்னு கேக்குற ஊர்ல இதை யாரும் கேக்குறதில்ல. உங்க 844 ரூபாயில 235 இந்தக் கோட்டைத் தாண்டினதுக்கு மட்டுமே போச்சு.

அதனால மலையையும் கோபுரத்தையும் விடுங்க. தினமும் காலையில காப்பி குடிக்கிற நேரத்துக்கு ஈபி மீட்டர் நம்பரை காலண்டர் தாள்ல எழுதுங்க. ஒரு நாளைக்கு 8.3 யூனிட்டுக்குக் கீழ இருந்தா 60 நாள்ல 500-க்குள்ள நிப்பீங்க. உங்களுது இப்ப 8.84. 530-ல போய் நிக்கும்.

அப்புறம் ராத்திரி தரைன்னு சொன்னீங்களே, அது எத்தனை வாட்? கோபுரத்தை விட தரைதான் தின்னும். 1 எச்பி மோட்டார் அரை மணி நேரம் ஓடினா அரை யூனிட் சொச்சம். 60 வாட் எதாவது 24 மணி நேரமும் இழுத்தா ஒண்ணரை யூனிட் கிட்ட. வீட்டுல எல்லாரும் மோட்டாரை அணை, அயர்னை அணைன்னு கத்துவாங்க, சத்தமில்லாம ஓடுறதை யாரும் கேக்க மாட்டாங்க.

ஒரு மத்தியானம் எல்லா சுவிட்சையும் அணைச்சு, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிட்டு, போன்ல எவ்வளவு காட்டுதுன்னு பாத்துச் சொல்லுங்க. 27 யூனிட் விஷயம் எனக்குப் புரியல, குடியாத்தம் தம்பி வந்தா சொல்லுவான்.

சத்துவாச்சாரி தையல்:

கணக்குத் தம்பி, நன்றி. எல்லாத்தையும் அணைச்சேன். ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன். டிவி பொட்டியையும் பிடுங்கினேன். வீடே மயானம் மாதிரி ஆயிடுச்சு, போன் மட்டும் 64 வாட்னு காட்டுது!

ஒவ்வொரு ரூமா போய்ப் பாத்தேன். மாடிப்படிக்கு அடியில இன்வெர்ட்டர். 2018-ல வாங்கின பேட்டரி. தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. டிஸ்டில்டு வாட்டர் ஊத்தியே ஒரு வருஷம் ஆயிருக்கும், மூடியைத் திறந்தா தகடு தெரியுது. இன்வெர்ட்டர் பிளக்கைப் பிடுங்கினதும் போன்ல சைபர். அப்ப நாளைக்கு ஒண்ணரை யூனிட், ரெண்டு மாசத்துக்கு 92 யூனிட், கரண்ட் போகாத நாள்லயும் அது தின்னுட்டு இருந்திருக்கு. போன மாசம் கரண்ட் போனது மொத்தம் நாலு தடவை. அதுலயும் ஃபேன் பத்து நிமிஷம் சுத்திட்டு நின்னுடுச்சு.

சரி, இது போன்லயே தெரியுற கணக்கு. போன்ல தெரியாத 27 அப்படியேதான் இருக்கு. ஒண்ணு செஞ்சு பாத்தேன். ராத்திரி 10 மணிக்கும் காலையில 6 மணிக்கும் ரெண்டையும் எழுதினேன். போன் 2.3. ஈபி மீட்டர் 3.6. பகல்ல ரெண்டுக்கும் பெருசா வித்தியாசமே இல்லை. ராத்திரியிலதான் களவு போகுது. என் மனசு எங்க போகும்னு உங்களுக்கே தெரியும்.

குடியாத்தம் வயர்மேன்:

அக்கா, அவசரப்பட்டு மாடிக்கு ஏறிடாதீங்க. இன்னா ஏதுன்னு பாத்துட்டு அப்புறம் சண்டை போடலாம்.

மீட்டர்ல ஒரு சிவப்புப் புள்ளி மின்னுதா? அது பக்கத்துல 3200-னு எழுதியிருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3200 தடவை மின்னும்னு அர்த்தம். ஒரு நிமிஷத்துல எத்தனை மின்னுதுன்னு எண்ணி 18.75-ஆல பெருக்கினா இந்த நேரத்துல எத்தனை வாட் ஓடுதுன்னு வந்துடும். வைஃபையும் வேணாம், போனும் வேணாம். நான் எந்த ஊட்டுக்குப் போனாலும் முதல்ல இதைத்தான் எண்ணுவேன்.

ராத்திரி மாடியில ஏசி ஓடும்போது உங்க ஊட்டை அணைச்சுட்டு மின்னுதான்னு பாருங்க.

சத்துவாச்சாரி தையல்:

பாத்தேன் தம்பி. ராத்திரி பத்தரைக்கு மெயின் சுவிட்சை இறக்கிட்டு டார்ச்சோட மீட்டர் முன்னாடி நின்னேன். மின்னவே இல்ல. அப்ப யாரும் எடுக்கலைன்னுதானே அர்த்தம்? மனசுல பாரம் இறங்கின மாதிரி இருக்கு, ஆனா கணக்கு இடிக்குது.

குடியாத்தம் வயர்மேன்:

தப்பு என் மேல, சரியா சொல்லல. மெயின் சுவிட்சு பழைய இரும்புப் பொட்டிதானே? அது கரண்ட் வர்ற ஃபேஸ், திரும்பிப் போற நியூட்ரல் ரெண்டையும் வெட்டும். அதை இறக்கினா எல்லாம் நிக்கத்தான் செய்யும். மெயினை ஏத்தியே வைங்க, அதுக்குக் கீழ இருக்குற சின்ன எம்சிபி எல்லாத்தையும் மட்டும் இறக்குங்க. அது ஃபேஸை மட்டும்தான் வெட்டும். இன்வெர்ட்டர் பிளக்கையும் பிடுங்கிடுங்க. இப்பப் பாருங்க.

இன்னொண்ணு. மீட்டர்ல எர்த்துன்னு எழுதின லைட்டு ஒண்ணு இருந்தா அது எரியுதான்னும் பாருங்க.

சத்துவாச்சாரி தையல்:

தம்பி, கை நடுங்குது. எம்சிபி எல்லாம் கீழ. எங்க வீடு இருட்டு. போன்ல சைபர். மீட்டர்ல நிமிஷத்துக்கு 38 மின்னல், மூணு தடவை எண்ணினேன். உங்க கணக்குப்படி 712 வாட். எர்த் லைட்டும் எரியுது. மேல ஏசி சத்தம் கேக்குது. அது நின்னதும் மின்னலும் மெதுவாயிடுச்சு.

அப்ப எடுக்குறாங்கதானே?

குடியாத்தம் வயர்மேன்:

இல்லக்கா. ஒரு பைசா எடுக்கல. கேளுங்க.

நம்ம ஊட்டு மீட்டர் ஃபேஸ்ல போற கரண்டையும் அளக்கும், நியூட்ரல்ல திரும்புற கரண்டையும் அளக்கும். ரெண்டும் சமமாத்தான் இருக்கணும். ஒண்ணு கூட இருந்தா, அந்த எர்த் லைட்டை எரிய விட்டு, எது கூடவோ அதை வச்சு யூனிட் போடும். அந்தக் காலத்துல சிலர் நியூட்ரலை விட்டுட்டு எர்த்துல திருப்பித் திருடுனாங்க, அதைப் பிடிக்கிறதுக்குப் பண்ண ஏற்பாடு.

உங்க ரெண்டு ஊட்டு நியூட்ரலும் எங்கயோ ஒண்ணா சேர்ந்திருக்கு. மாடி ஏசிக்குக் கரண்ட் அவங்க ஃபேஸ் வழியாத்தான் போகுது, அவங்க மீட்டர்ல முழுசா பதிவாகுது. திரும்பும்போது ரெண்டு பாதை இருக்குறதால பாதி அவங்க நியூட்ரல்ல போகுது, பாதி உங்க நியூட்ரல்ல போகுது. உங்க மீட்டர், அட இந்த ஊட்ல 700 வாட் ஓடுதேன்னு எழுதிக்குது. உங்க பையன் மாட்டின வளையம் ஃபேஸ்ல இருக்கு, அதனால அதுக்கு இது தெரியல. வளையமும் சரி, மீட்டரும் சரி. ஒயரிங்தான் தப்பு.

எந்த நேரத்துல எந்த ஊட்ல கம்மியா ஓடுதோ அந்த ஊட்டு மீட்டர் கூட ஓடும். ராத்திரி ஏசியால உங்களுக்கு நஷ்டம். காலையில நீங்க மோட்டாரும் அயர்னும் போடும்போது அவங்களுக்கு நஷ்டம். ரெண்டு பேரும் சேர்ந்து யாரும் எரிக்காத யூனிட்டுக்குப் பணம் கட்டினுகிறீங்க.

போர் மோட்டாரை ரெண்டு சர்வீஸ்லயும் போடுற மாதிரி சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஏதாவது கீதா?

சத்துவாச்சாரி தையல்:

இருக்கு! மோட்டாருக்கு மாத்தி மாத்தி போடுறதுக்குன்னு மூணு வருஷம் முன்னாடி வச்சது. ஒரு மாசம் நாங்க, ஒரு மாசம் அவங்க.

குடியாத்தம் வயர்மேன்:

அங்கதான். ஃபேஸை மட்டும் மாத்துற சுவிட்ச் போட்டு, ரெண்டு நியூட்ரலையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்தியிருப்பாங்க. பத்து ஊட்ல நாலு ஊட்ல இப்படித்தான் பாக்குறேன். நியூட்ரலையும் சேர்த்து மாத்துற டபுள் போல் சேஞ்ச்ஓவர் போடணும். நீங்க கை வைக்காதீங்க. மெயினை இறக்கியிருந்தாலும் மாடி ஊட்லேர்ந்து அந்த நியூட்ரல்ல கரண்ட் வரும், ஷாக் அடிக்கும். ரெண்டு மெயினையும் இறக்கிட்டுத்தான் வேலை செய்யணும்னு வர்றவர்கிட்ட சொல்லுங்க. மீட்டர் சீலை யாரும் தொடக்கூடாது, அதுக்கு அவசியமும் இல்ல.

கையோட ரெண்டு ஊட்டுக்கும் ஆர்சிசிபி போட்டுடுங்க, போற கரண்டும் திரும்புற கரண்டும் சமமா இல்லன்னா தானா அணையுற சுவிட்ச் அது. அது முன்னாடியே இருந்திருந்தா நியூட்ரலை முறுக்கின அன்னைக்கே டிரிப் ஆகி காட்டிக் கொடுத்திருக்கும்.

ஆரணிக்காரன்:

இதைப் படிச்சுட்டு ராத்திரியோட ராத்திரியா எங்க வீட்டு மீட்டரைப் போய்ப் பாத்தேன். எர்த் லைட் எரியல. ஆனா எண்ணினதுல ஃபிரிட்ஜ் மட்டும் ஓடும்போது நிமிஷத்துக்கு 11. 206 வாட்டா? ஆட்கள் தூங்கினப்புறம் டார்ச்சோட நின்னு எண்ணிட்டு இருந்ததைப் பாத்து எங்கம்மா பயந்துட்டாங்க.

தையல் அம்மா, சோலாரும் யோசிங்க. மத்திய அரசோட பிஎம் சூர்யா கர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கு 78,000 மானியம். நம்ம வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளைக்கு நாலு யூனிட் கிட்ட கொடுக்கும்.

காட்பாடி கணக்கு:

ஆரணி, முதல்ல ஓட்டையை அடைக்கட்டும், அப்புறம் தொட்டி கட்டலாம். அடைச்சதும் 350 யூனிட் கிட்ட நிக்கப் போற வீட்டுக்கு ரெண்டு மாச பில்லே ஆயிரம் ரூபாய்க்குக் கீழ. சோலார் போட்ட காசு திரும்பி வர எத்தனை வருஷம் ஆகும்னு போட்டுப் பாருங்க.

உங்க ஃபிரிட்ஜ் விடாம 206 இழுக்குதா, விட்டு விட்டா? அரை மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எண்ணுங்க. நிக்காம ஓடினா கதவு ரப்பரைப் பாருங்க. ஒரு ரூபாய் நோட்டைச் சொருகிக் கதவைச் சாத்தி இழுங்க, சுலபமா வந்தா ரப்பர் போச்சு.

சத்துவாச்சாரி தையல்:

இன்னைக்கு ரீடிங் எடுத்தாங்க, அதான் வந்தேன்.

நடுவுல நடந்ததைச் சொல்லிடறேன். வயர்மேன் தம்பி சொல்லியும் எனக்கு முழுசா நம்பிக்கை வரல. ஆடிக் கிருத்திகைக்கு மாடி வீட்டுக்காரங்க ரத்தினகிரிக்குக் காவடி எடுத்துட்டு அப்படியே மூணு நாள் ஊருக்குப் போயிட்டாங்க. அந்த மூணு நாளும் போனும் மீட்டரும் ஒண்ணுக்கொண்ணு அப்படியே ஒத்துப் போச்சு. அவங்க திரும்பி வந்த அன்னைக்கு ராத்திரியே மறுபடியும் ஒரு யூனிட் இடிச்சுது. அப்புறம்தான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். சுவிட்சைக் கழட்டினா உள்ள ரெண்டு கறுப்பு ஒயர் ஒண்ணா முறுக்கி, அதுக்கு மேல பச்சை டேப். வேலை ஒண்ணரை மணி நேரம். சுவிட்ச், ஆர்சிசிபி ரெண்டு, கூலி எல்லாம் சேர்த்து ஆன செலவுல பாதியை மாடிப் பொண்ணு கேக்காமலே கொண்டாந்து கொடுத்துச்சு. "காலையில நீங்க அயர்ன் போட்டதுக்கு நாங்களும்ல கட்டியிருக்கோம் அக்கா"ன்னு சிரிச்சுது. நான் என்ன நெனச்சிருந்தேன்னு அதுகிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன்.

இன்வெர்ட்டரையும் எடுத்தாச்சு. பேட்டரியை எடைக்குப் போட்டேன். சார்ஜ் லைட் ரெண்டு வாங்கி வச்சிருக்கேன். அவருக்கு இதுல கோபம். முதல் தடவை கரண்ட் போனப்போ விசிறியைக் கையில எடுத்துட்டு என் முன்னாடியே வந்து உக்காந்தார், வேணும்னே.

பில் 424 யூனிட், 1326 ரூபாய். பாதிக்கு மேல நாள் பழைய கணக்குல ஓடினது இதுல இருக்கு, நடுவுல நாலு மழை பேஞ்சு ஃபேன் கொஞ்சம் குறைஞ்சதும் இருக்கு. எல்லாம் என் சாமர்த்தியம்னு சொல்ல மாட்டேன். வேலை முடிஞ்ச நாள்லேர்ந்து பாத்தா நாளைக்கு ஆறு யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழ.

அந்தப் போன் கோட்டை இப்பல்லாம் வாரத்துக்கு ஒரு தடவைதான் திறக்குறேன். காலண்டர் தாள்ல மீட்டர் நம்பர் எழுதுறது மட்டும் நிக்கல. பையன் கேட்டான், "அம்மா, போன்லயே வருதே, எதுக்கு எழுதுற?"ன்னு. போன் சொன்னது ஒண்ணு, மீட்டர் சொன்னது ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல வச்சதாலதானே கண்டுபிடிச்சேன்னேன். சரிம்மான்னுட்டு அவனும் பெங்களூர் வீட்டுல மின்னலை எண்ணிட்டு இருக்கானாம்.

வயர்மேன் தம்பி, ஒரு கேள்வி. தையல் மிஷின் மோட்டார் மிதிக்காம சும்மா இருக்கும்போதும் அஞ்சு வாட் காட்டுது. இது சரியா?

குடியாத்தம் வயர்மேன்:

மிஷின்ல இருக்குற சின்ன லைட்டை அணைச்சுட்டுப் பாருங்கக்கா.